எங்கும் எழுதாத நூற்றிருபது

தெருவில் அவளுக்கு மீட்டரம்மா என்று பெயர். தண்ணீர் மீட்டர் சோதனைக்கூடத்தில் இருபத்தாறு வருட வேலை. தினம் நாற்பது மீட்டர்களை ஒவ்வொன்றாகக் குழாயில் மாட்டி, நூறு லிட்டர் ஓடவிட்டு, முள் நூறைக் காட்டுகிறதா என்று பார்ப்பாள். தொண்ணூற்றெட்டைக் காட்டினால் ஓரம்கட்டுவாள். சரியாக நூறைக் காட்டினால் இன்னொரு தரம் ஓடவிடுவாள். முதல் தடவையே சரியாக இருக்கும் எதுவும் அவளுக்கு ஓர் உறுத்தல்.

வீட்டில் இன்னொரு வேலை. காலை ஐந்தரையிலிருந்து எட்டு வரை துழாவியைப் பராமரிப்பாள். பம்பு, லிஃப்ட், கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டி போன்றவற்றுக்குள் இருக்கும் சிறிய கட்டுப்பாட்டுப் பலகைகளுக்கு நிரல் எழுத உதவும் மென்பொருள்தான் துழாவி. அதில் இரண்டு பாகம். ஒன்று கம்பைலர்: மனிதர் படிக்கும்படி எழுதிய நிரலை எந்திரம் ஓட்டும் எண்களாக மாற்றித் தருவது. மற்றது டீபக்கர்: அந்த எண்கள் ஓடும்போது எங்கே கோளாறு என்று நிறுத்தி நிறுத்திப் பார்க்க உதவுவது. பதிமூன்று வருடங்களுக்கு முன், அவளுடைய கம்பெனி மீட்டரோடு பம்புப் பலகைகளும் செய்துகொண்டிருந்த காலத்தில் அவள் எழுதியது. கம்பெனி பலகைத் தொழிலை விட்டதும், அனுமதிக் கடிதம் ஒன்று வாங்கிக்கொண்டு துழாவியைப் பொதுவில் வைத்துவிட்டாள். யாரும் எடுக்கலாம், படிக்கலாம், திருத்தம் அனுப்பலாம். வரும் திருத்தத்தைச் சேர்ப்பதா, திருப்பி அனுப்புவதா என்று முடிவு செய்வது அவள் பொறுப்பு.

வெளியாகும் ஒவ்வொரு பதிப்பிலும் அவளுடைய மின்னொப்பம் இருக்க வேண்டும். ஒப்பம் இல்லாத பதிப்பை எந்தக் கணினியும் ஏற்காது. ஒப்பமிடும் சாவி ஒரு சின்னக் கோப்பு. அதைத் திறக்கும் கடவுத்தொடர் அவள் தலைக்குள் மட்டும் இருந்தது.

பிப்ரவரி கடைசியில் வலது கண்ணில் கரும்புள்ளிகள் மிதக்க ஆரம்பித்தன. கண் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்தார். "விழித்திரை நடுவுல சின்ன ஓட்டை விழுந்திருக்கும்மா. மார்ச் இருபத்து மூணாம் தேதி ஆபரேஷன். பத்து நாள் குப்புறப் படுக்கணும். ஆறு வாரம் கம்ப்யூட்டர் பக்கமே போகக்கூடாது."

"இடது கண்ணு நல்லாத்தானே இருக்கு. ஒத்தக் கண்ணால பாத்துக்கறேன்."

"ஒண்ணு அசைஞ்சா மத்ததும் கூடவே அசையும். கண்ணு ரெண்டும் ஜோடி போட்டுக்கிட்டுத்தான் வேலை செய்யும்."

ஆறு வாரம். அதற்குள் துழாவியில் பெரிய ஓட்டை ஒன்று தெரியவந்தால், அதை அடைத்த பதிப்புக்கு ஒப்பம் போட ஆள் இல்லை. எத்தனையோ லிஃப்ட்களுக்குள் துழாவி செய்த நிரல் ஓட்டையோடு ஓடிக்கொண்டிருக்கும்.

கணவர் கீழ்த்தளத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத மனிதர். "சாவியை யார் கையிலயாவது குடேன். அதான் ஒருத்தன் இருக்கானே, எறும்பு."

"அவனை எனக்குத் தெரியாது."

"ரெண்டே முக்கால் வருஷமா தினமும் பேசற."

"பேசினா தெரிஞ்சதாயிடுமா?"

எறும்பு என்பது இணையத்தில் அவன் வைத்துக்கொண்ட பெயர். ஆண் என்பதே குரலை வைத்துத்தான் தெரியும். முதல் தடவை கையேட்டில் விட்டுப்போன ஒரு எழுத்தைத் திருத்தி அனுப்பினான். பிறகு சின்னச் சின்னப் பிழைகளைத் திருத்தினான். பிறகு டீபக்கரில் பாதியை ஒழுங்குபடுத்தினான். பதினான்கு மாதங்களுக்கு முன், பழைய வகை சிப்புகளிலிருந்து புதிய வகைக்குத் துழாவியை மாற்ற வேண்டி வந்தபோது, யாரும் தொடப் பயந்த அந்த வேலையை ஒன்பது வாரத்தில் முடித்தான். அப்போதுதான் துழாவியின் கோப்புகள் இருக்கும் சர்வரில் எழுதும் அனுமதியை அவனுக்குக் கொடுத்தாள். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு திருத்தங்கள். ஒன்றில்கூட அவள் பெரிய குறை காணவில்லை. அதுவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் இரண்டாம் தேதி, திங்கட்கிழமை, எறும்பிடமிருந்து ஒரு கடிதம் வந்தது.

அந்தக் கடிதம் புரிய வேண்டுமானால் விதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். துழாவியின் கம்பைலர் துழாவியின் மொழியிலேயே எழுதப்பட்டது. அதை எண்களாக மாற்ற அதற்கு முந்தைய கம்பைலர் வேண்டும். அதற்கு அதற்கு முந்தையது. ஒவ்வொரு முறையும் பழையதை வைத்துத்தான் புதியதைச் செய்ய முடியும். நேற்றைய தயிரில் ஒரு கரண்டி இல்லாமல் இன்றைக்குத் தயிர் உறையாதது போல. அந்தப் பழைய கோப்புக்குத்தான் விதை என்று பெயர். மூலநிரலைப் பத்துப் பேர் படிக்கலாம். விதையை யாரும் படிப்பதில்லை. அதில் வெறும் எண்கள்.

எறும்பு எழுதியிருந்தான்: "விதையைச் சோதிக்க, வேறொரு மொழியில், கையேட்டை மட்டும் பார்த்து, இரண்டாவது கம்பைலர் ஒன்றை எழுதினேன். அதை வைத்தும் உங்கள் விதையை வைத்தும் துழாவியைத் தனித்தனியாகச் செய்தேன். இரண்டும் ஒரே மாதிரி வர வேண்டும். நாற்பத்து நான்கு இடங்களில் வேறுபடுகின்றன. விதையில் கோளாறு இருக்கிறது. அதைக் கைவிட்டுவிட்டு, இனி என்னுடையதிலிருந்து தொடங்கலாமா?"

மீட்டரம்மா கடிதத்தை மூன்று முறை படித்தாள். கடைசி வாக்கியத்தை நான்காவது முறையும் படித்தாள்.

நாற்பத்து நான்கு இடங்களையும் டீபக்கரில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். எல்லாம் ஒரே விஷயம். ஒரு வேலைக்குள் இன்னொரு வேலை, அதற்குள் இன்னொன்று என்று எத்தனை அடுக்குவரை போகலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் பலகை பத்திரமாக நின்றுவிடும். கையேட்டில் அந்த வரம்பு நூற்று இருபத்தெட்டு. எறும்பு செய்த கோப்பிலும் அப்படியே. ஆனால் விதையிலிருந்து வந்த கோப்பில் நாற்பத்து நான்கு இடங்களிலும் நூற்றிருபது.

மூலநிரலில் நூற்றிருபது என்று தேடினாள். எங்கும் இல்லை. வரம்பைச் சொல்லும் வரி மட்டும் இருந்தது: அடுக்கு வரம்பு = அடுக்கு வரம்பு. அதாவது, உன்னைச் செய்யும் கம்பைலரிடம் என்ன வரம்பு இருக்கிறதோ அதையே நீயும் வைத்துக்கொள். அவளே எழுதிய வரி. எண்ணை எங்கும் எழுதாமலே எண் தானாகக் கைமாறிப் போகும். எழுதிய நாளில் அதை நினைத்துப் பெருமைப்பட்டதுண்டு.

ஆக, நூற்றிருபது விதையிலிருந்து வருகிறது. விதையைக் கடைசியாக, சிப்பு மாறியபோது, மாற்றிச் செய்தவன் எறும்பு.

"எப்படிப் பாரு," என்றாள் கணவரிடம். "விதைக்குள்ள ஒரு தப்பான எண்ணைச் சொருகறது. அப்புறம் தானே கண்டுபிடிச்ச மாதிரி வந்து சொல்றது. நான் பதறிப்போய் விதையைத் தூக்கிப் போடுவேன். அந்த இடத்துல அவனோடது வந்து உக்காந்துக்கும். அதுக்குள்ள என்னென்ன வெச்சிருக்கானோ! வீட்டுல திருடன் இருக்கான்னு கத்திக்கிட்டே உள்ள வர்ற திருடன் இவன்."

"நூத்து இருபத்தெட்டு நூத்து இருபதானா என்ன ஆகும்?"

"பெரிசா ஒண்ணும் ஆகாது. கொஞ்சம் முன்னாடியே நிக்கும்."

"அப்ப திருடன் எட்டைத் திருடிட்டுப் போயிருக்கான்."

"இது ஒத்திகைங்க. எட்டை மாத்தினா யாராவது கவனிக்கறாங்களான்னு பாக்கறான்."

அன்று சாயங்காலம் எறும்பின் முந்நூற்றுப் பன்னிரண்டு திருத்தங்களையும் நாள், மணி வாரியாக ஒரு அட்டவணையில் போட்டாள். ஞாயிறு உண்டு. விடுமுறை நாள் உண்டு. இரண்டே முக்கால் வருடத்தில் தொடர்ந்து ஒரு வாரம் அவன் காணாமல் போனதே இல்லை. மாதாந்திர இணையக் கூட்டத்தில் முப்பத்து மூன்று முறை பேசியிருக்கிறான். ஒரு முறைகூட கேமராவைப் போட்டதில்லை.

"மனுஷன்னா ஒரு தடவையாவது ஜுரம் வராதா?" என்றாள்.

கணவர் அட்டவணையை மேலும் கீழும் பார்த்தார். "ஜுரம் வராதது குத்தம்னா, நம்ம ஜெராக்ஸ் மிஷின் ஒண்ணுதான் யோக்கியம். வாரத்துக்கு ரெண்டு தடவை படுத்துக்குது."

நான்காம் தேதி காலை ஆறு பத்துக்கு மீட்டரம்மா பொது அறிவிப்புப் பக்கத்தில் எழுதினாள்: "மூலநிரலில் இல்லாத ஓர் எண் விதையில் இருக்கிறது. விதையைக் கடைசியாகச் செய்தவர் எறும்பு. சர்வரில் எழுதும் அவருடைய அனுமதி இன்றிலிருந்து நிறுத்தப்படுகிறது." மூன்று வாக்கியம். மூன்றும் உண்மை. திருடன் என்ற சொல்லை அவள் எங்கும் எழுதவில்லை. படித்தவர்கள் எல்லோரும் அதைத்தான் படித்தார்கள்.

ஆறாம் தேதி எறும்பு குரலில் வந்தான். கேமரா வழக்கம்போல இல்லை. கணவர் டீ தம்ளரோடு ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

"மேடம், என்ன இது? நான்தானே உங்களுக்குச் சொன்னேன்?"

"மொதல்ல கேமராவைப் போடுங்க."

"எதுக்கு?"

"முகம் பாக்கணும்."

"முகத்துலயா நிரல் எழுதியிருக்கு?"

"அந்த நூத்திருபது எங்கேர்ந்து வந்துச்சு?"

"அதைத்தானே மேடம் நான் உங்களைக் கேட்டேன். நான் சிப்பு மாத்தினப்போ உங்க பழைய விதையை வெச்சுத்தான் புது விதை செஞ்சேன். அதுல இருந்தது இதுல வந்திருக்கு."

"பழைய விதையில அது இருந்துச்சுன்னு என்ன சாட்சி?"

"சர்வர்ல இருக்கே, பாருங்க."

"சர்வர்ல எழுதற அனுமதி பதினாலு மாசமா உங்க கையில இருக்கு. அங்க இருக்கறதை நான் எப்படி நம்பறது?"

எறும்பு சொன்னான்: "நான் தொட முடியாத பழைய பிரதி ஒண்ணு எங்கயாவது இருந்தா எடுத்துப் பாருங்க. அதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

லைன் துண்டானது. "பயம் இல்லாத மாதிரிதான் பேசறான்," என்றார் கணவர்.

"கை தேர்ந்தவன் அப்படித்தான் பேசுவான்," என்றாள் மீட்டரம்மா. ஆனாலும் அவன் சொன்னது சரியான வழி என்பதை மறுக்க முடியவில்லை. எதிரியே காட்டிய வழி என்பதுதான் கசந்தது.

அவன் தொட முடியாத பிரதி எங்கே இருக்கிறது? அவளிடம் இருந்த பழைய வட்டு செத்துப்போயிருந்தது. புதிய வட்டில் இருப்பதெல்லாம் பத்து மாதங்களுக்கு முன் சர்வரிலிருந்தே எடுத்த நகல். மற்றவர்களிடம் உள்ளவையும் அந்தச் சர்வரிலிருந்து போனவைதான். எது எப்போது போனது என்று யாரும் குறித்து வைத்திருக்கவில்லை. ஒப்பம் போடும் வழக்கமும் போன வருடம்தான் வந்தது; அதற்கு முந்தைய பதிப்புகளில் அது இல்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். மூன்றாவது நாள் சோதனைக்கூடத்தில் மீட்டரைக் குழாயில் மாட்டிக்கொண்டிருந்தபோது பம்பு நிலையம் ஞாபகம் வந்தது.

முதல் துழாவியை வைத்துச் செய்த நிரலைக் கம்பெனி ஆறு பம்பு நிலையங்களில் பொருத்தியிருந்தது. ஒரு முறை எழுதினால் அழிக்க முடியாத வகைச் சிப்பு. ஐந்து நிலையங்களில் பலகையையே மாற்றிவிட்டார்கள். ஊர்க் கோடியில் இருக்கும் ஆறாவதில் மட்டும் பழையது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. துழாவி செய்யும் ஒவ்வொரு நிரலிலும் அந்த வரம்பு உள்ளே பதிந்திருக்கும். பதிமூன்று வருடமாகப் பூட்டிய பெட்டிக்குள் கிடக்கும் சிப்பை எந்த எறும்பும் தொட்டிருக்க முடியாது.

பத்தாம் தேதி, செவ்வாய், அரை நாள் லீவு போட்டுவிட்டு, சிப்பைப் படிக்கும் கருவியையும் மடிக்கணினியையும் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். பம்பு ஆபரேட்டர் வாசலிலேயே மறித்தார். ஓய்வுக்கு இரண்டு வருடம் பாக்கி இருக்கும் வயது. இடுப்பில் சாவிக்கொத்து.

"இதுல வயர் சொருகறதுக்கு யாரும்மா நீங்க?"

"இந்த நிரலை எழுதினவ."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

"எல்லாருமா? இதுக்கு முன்னாடி யாராவது வந்தாங்களா?" அவள் குரல் சட்டென்று கூர்மையானது.

"யாரும் வரல. வந்தா அப்படித்தான் சொல்லுவாங்கன்னு சொன்னேன்."

அடையாள அட்டையைக் கேட்டார். கொடுத்தாள். படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "படத்துல கண்ணாடி இல்லையே?" என்றார். கண்ணாடியைக் கழற்றிக் காட்டினாள். சோதனைக்கூடத்துக்குப் போன் போட்டு, இப்படி ஓர் ஆள் அங்கே வேலை செய்கிறாரா என்று விசாரித்தார். அவர்கள் ஆமாம் என்றதும், அது சோதனைக்கூடம்தானா என்று உறுதி செய்ய, வேறு எண்ணில் இன்னொரு முறை கூப்பிட்டார். மீட்டரம்மாவுக்கு எரிச்சல் வரவில்லை. அந்த மனிதரை அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

பார்வையாளர் பதிவேட்டை நீட்டினார். காரணம் என்ற கட்டத்தில் அவள் எழுதினாள்: யார் தவறு என்று பார்க்க.

ஆபரேட்டர் எழுத்துக்கூட்டிப் படித்தார். "எங்க தவறு ஒண்ணும் இல்ல. மொதல்லயே சொல்லிட்டேன்."

"உங்களைச் சொல்லல. என்கிட்ட வேலை செய்யற ஒருத்தனை."

"அவன் தவறுக்கு இங்க எதுக்கு வந்தீங்க?"

அவள் பையைத் திறந்து கருவியை எடுத்தாள்.

இரண்டு மணிக்குத் தண்ணீர்த் தேவை குறைவு. மூன்று பம்புகளில் ஒன்றை இருபது நிமிடம் நிறுத்த ஆபரேட்டர் சம்மதித்தார். பெட்டியின் பூட்டைத் திறந்தார். உள்ளே சிப்பின்மேல் ஒரு காகிதச் சீட்டு ஒட்டியிருந்தது, கிழியாமல். அதில் அவளுடைய கையெழுத்து. அவளுடைய தேதி. "பதிமூணு வருஷமா இந்தப் பூட்டை நான்தான் தெறக்கறேன்," என்றார் ஆபரேட்டர், கேட்காமலே. மெயின் ஸ்விட்சில் கை வைத்துக்கொண்டு நின்றார். "ஏதாவது பொகைஞ்சா இழுத்துடுவேன்."

முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தெட்டு பைட்டுகள். படிக்க ஆறு நிமிடம் ஆனது. டீபக்கரில் திறந்து அடுக்கு வரம்பைச் சோதிக்கும் இடத்துக்குப் போனாள்.

நூற்றிருபது.

கண்தான் ஏமாற்றுகிறது என்று நினைத்து வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். நூற்றிருபது. டீபக்கரை எறும்பு ஒழுங்குபடுத்தியவன் ஆயிற்றே, அது பொய் சொன்னால்? டீபக்கரை மூடிவிட்டு, வெறும் எண்களின் பட்டியலை எடுத்து, விரல் வைத்து எண்ணி அந்த இடத்துக்கு வந்தாள். நூற்றிருபதுதான்.

"கெடைச்சானா ஆளு?" என்றார் ஆபரேட்டர்.

"கெடைச்சுட்டா."

"பொம்பளையா?"

மீட்டரம்மா காகிதச் சீட்டில் இருந்த தேதியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த நாள் துண்டு துண்டாகத் திரும்பி வந்தது. மூன்று மணிக்குப் பலகையை மேலாளர்களுக்கு ஓட்டிக் காட்ட வேண்டும். நிரல் சிப்புக்குள் அடங்கியது. ஆனால் ஓடும்போது நினைவகம் போதவில்லை. வரம்பு அப்போது மூலநிரலில் எண்ணாகவே இருந்தது, மூன்று இடங்களில். மூன்றிலும் நூற்று இருபத்தெட்டை நூற்றிருபது ஆக்கி, கம்பைலரைச் செய்து, பலகையை ஓட்டிவிட்டாள். கூட்டம் முடிந்து வந்ததும், ஓர் எண்ணை மாற்ற மூன்று இடத்தைத் தேடுவதா என்ற எரிச்சலில் எண்களை எடுத்துவிட்டு, அந்த ஒற்றை வரியைப் போட்டாள்: அடுக்கு வரம்பு = அடுக்கு வரம்பு. கையில் இருந்த கம்பைலரைக் கொண்டே அதைச் செய்தாள். கையில் இருந்தது நூற்றிருபது. அடுத்த வாரம் கையேடு எழுதும்போது, மனதில் இருந்த நூற்று இருபத்தெட்டைப் பார்க்காமலே எழுதினாள்.

திரும்பும் பஸ்ஸில் வேறொன்றும் உறைத்தது. பதிமூன்று வருடத்தில் மூன்று பேர் எழுதியிருந்தார்கள், நூற்று இருபத்தோராவது அடுக்கிலேயே பலகை நின்றுவிடுகிறது என்று. மூவருக்கும் ஒரே பதில் போட்டிருந்தாள்: உங்கள் நிரலை மறுபடி எண்ணிப் பாருங்கள். மூன்றாமவர், குஞ்சு பொரிக்கும் பெட்டி செய்பவர், நான்கு முறை எண்ணிவிட்டேன் என்று எழுதினார். அந்தப் புகாரை அவள் மூடிவிட்டாள். அவள் ஒரு முறைகூட எண்ணவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவர் முகத்தைப் பார்த்தே கேட்டார். "என்ன, எறும்பு நல்லவனா?"

"நல்லவனான்னு தெரியாது. இதை அவன் செய்யல."

"அப்ப யாரு?"

"நான்."

கணவர் சிரிக்கப் போனவர், அவளைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டார். "பொதுவில எழுதிட்டியே."

"எழுதினதைப் பொதுவிலதான் திருப்பி எழுதணும்."

பதினோராம் தேதி காலை எழுதினாள். முதல் அறிவிப்பை அழிக்கவில்லை; அதற்கு மேலேயே இதை ஒட்டினாள். எந்த நாள், எந்த இடம், எந்தச் சிப்பு, எந்த வரி, ஏன் என்று எல்லாம். மூன்று புகார்தாரர்களின் பெயரும் அதில் இருந்தது. எறும்பின் அனுமதியைத் திருப்பிக் கொடுத்தாள். மறுநாள் அவன் குரலில் வந்தான்.

"அறிவிப்பு பாத்தேன் மேடம். தேதி நெறைய இருந்துச்சு."

"கோவம் இல்லையா?"

"இருக்கு. வேற ரெண்டு மென்பொருள்காரங்க என் திருத்தத்தை நிறுத்தி வெச்சுட்டாங்க. உங்க அறிவிப்பைத்தான் காட்டறாங்க."

"அவங்களுக்கும் எழுதறேன். இன்னிக்கே."

"எழுதுங்க. அது இருக்கட்டும், நான் எதுக்கு ரெண்டாவது கம்பைலர் எழுதினேன்னு நினைக்கறீங்க?"

"எதுக்கு?"

"உங்களைப் புடிக்கத்தான்."

மீட்டரம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பதிமூணு வருஷமா ஒரே ஆளு. சாவி ஒரே கையில. வரம்பை எங்கயும் எழுதல. விதையைத் தொட என்னைத் தவிர யாரையும் விடல. ஒரு நாள் லீவு போட்டதில்ல. என்னைக் கேமரா போடச் சொல்றீங்க, நீங்க ஒரு தடவையாவது போட்டிருக்கீங்களா? சந்தேகம் வராதா?"

ஓரத்தில் உட்கார்ந்திருந்த கணவருக்கு டீ புரையேறிவிட்டது.

"எத்தனை நாளா சந்தேகம்?" என்று கேட்டாள்.

"வந்த நாள்லேர்ந்து."

"இப்ப?"

"இந்த விஷயத்துல இல்ல."

அந்தப் பதில் அவளுக்குத் திருப்தியாக இருந்தது. முழுவதும் நம்புகிறேன் என்று சொல்லியிருந்தால் பேச்சை அங்கேயே முடித்திருப்பாள். ஆபரேஷனைப் பற்றிச் சொன்னாள். ஆறு வாரத்துக்குச் சாவியை எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள்.

"வேணாம் மேடம். எட்டு நாள் முன்னாடி என்னைத் திருடன்னீங்க, இப்ப சாவியைக் குடுக்கறீங்க. அப்படிக் குடுக்கறவங்களை நான் எப்படி நம்பறது?"

பேசிப் பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். இனி ஒரு சாவி இல்லை, இரண்டு. அவன் ஒரு விதையிலிருந்தும் அவள் இன்னொன்றிலிருந்தும் பதிப்பைத் தனித்தனியாகச் செய்ய வேண்டும். இரண்டு கோப்புக்கும் ரேகை எடுக்க வேண்டும். ஒரு பைட் மாறினாலும் முழுவதும் மாறிப்போகும் அறுபத்து நான்கு எழுத்து எண் அது. இரண்டு ரேகையும் ஒன்றாக இருந்தால்தான் இருவரும் ஒப்பமிடலாம். இரண்டு ஒப்பமும் இல்லாமல் எதுவும் வெளியே போகாது. ஆபரேஷனுக்குப் பிறகு அவசரம் வந்தால் கணவர் படித்துக் காட்ட, அவள் ஒப்பமிடுவாள். வரம்பை மூலநிரலில் எண்ணாக எழுதினார்கள்: நூற்று இருபத்தெட்டு.

இருபத்து மூன்றாம் தேதிக்குள் எறும்பின் இரண்டாவது கம்பைலரை, ஆறாயிரத்துச் சொச்சம் வரிகளையும், இடது கண்ணால் படித்தாள். இரண்டு பிழை கண்டுபிடித்து அனுப்பினாள். அவள் அனுப்பிய திருத்தத்தில் எறும்பு ஒரு பிழை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினான்.

ஆபரேஷன் முடிந்தது. நான்காம் நாள், இருபத்தேழாம் தேதி வெள்ளிக்கிழமை, லிஃப்ட் கம்பெனி ஒன்றிலிருந்து பிழைத் தகவல் வந்தது: டீபக்கரை இணைத்திருக்கும்போது வெளியாள் ஒருவன் பலகைக்குள் நுழைய முடிகிறது. ஆறு வாரம் பொறுக்க முடியாத பிழை. எறும்பு மதியத்துக்குள் அடைத்தான். அவன் திருத்தத்தைக் கணவர் வரி வரியாகப் படிக்க, அவள் குப்புறப் படுத்தபடி கேட்டாள். பதினேழு வரி. இரண்டு மணி நேரம். கணவருக்கு ஒரு வரியும் புரியவில்லை. புள்ளி, அடைப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தார்.

அவளுடைய கணினி பதிப்பைத் தானாகச் செய்து ரேகையைக் காட்டியது. எறும்பு தன்னுடையதை அனுப்பினான். கணவர் இரண்டையும் கடையில் பெரிய எழுத்தில் அச்சடித்து எடுத்து வந்தார்.

"ரெண்டும் ஒண்ணுதான். பாத்துட்டேன்."

"பாத்தா போதாது. ஒவ்வொண்ணையும் தனியாப் படிங்க. நாலு நாலு எழுத்தா."

படித்தார். முதல் தாள், பதினாறு தொகுதி. அவள் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். இரண்டாம் தாள். பதினோராவது தொகுதியில் வேகம் கூடியது.

"நிறுத்துங்க. இப்ப தாளைப் பாத்துப் படிச்சீங்களா, ஞாபகத்துல சொன்னீங்களா?"

"இந்தக் கண்றாவியெல்லாம் என் ஞாபகத்துல நிக்குமா?"

"மொதல்லேர்ந்து படிங்க."

முதலிலிருந்து படித்தார். பதினாறும் ஒத்துப்போயின. அவள் கட்டிலின் ஓரமாக நகர்ந்து, முகத்தைத் தரையைப் பார்க்க வைத்துக்கொண்டு, விசைப்பலகையைத் தரையில் வைக்கச் சொன்னாள். கை நீட்டி விசைகளைத் தடவிப் பார்த்தாள்.

"கடவுத்தொடரைச் சொல்லு, நான் அடிக்கறேன்," என்றார் கணவர். "ஏன் இப்படித் தலைகீழாத் தொங்கற?"

"அந்தப் பக்கம் திரும்பிக்குங்க."

"என்கிட்டயா? கல்யாணம் ஆகி இருபத்தெட்டு வருஷம்."

"திரும்பிக்குங்க."

கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். "கண்ணையும் மூடிக்கவா?"

"திரும்பினா போதும்."

முதல் தடவை தப்பாக அடித்தாள். இரண்டாவது தடவை சாவி திறந்தது. போனில் எறும்பின் குரல் கேட்டது: "உங்க ஒப்பம் வந்துடுச்சு மேடம். என்னோடதும் போட்டுட்டேன். வெளியிடட்டுமா?"

"மொதல்ல, சர்வர்ல ஏறினது நாம செஞ்ச கோப்புதானான்னு எறக்கிப் பாத்துட்டு, ரேகையை ஒரு தரம் படிங்க," என்றாள் மீட்டரம்மா.

"படிக்கத்தான் எடுத்து வெச்சிருக்கேன்," என்று எறும்பு முதல் நாலு எழுத்தைப் படிக்க ஆரம்பித்தான். மணி நாலு ஐம்பத்திரண்டு.